மாத்தளை பைப் பாசுக்கு ஒரு வலைப்பக்கம் எதற்கு?

மாத்தளையில் குழாய் வெடித்தால் எவரும் கூகிளைத் திறப்பதில்லை. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வை ஓடிப்போய் மூடுவோம். பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம், "உங்க வீட்டுக்கு வந்தாரே அந்த பைப் பாஸ், அவரு நம்பர் இருக்கா?" என்று கேட்போம். அவரிடம் இல்லாவிட்டால் திருகோணமலை வீதியில் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஹாட்வெயார் கடைக்கு ஒரு கோல். அந்தக் கவுண்டரில் நிற்பவருக்கு எல்லாம் தெரியும். யார் சொன்ன நேரத்துக்கு வருவார், யார் சுவரை அளவாக உடைப்பார், யார் அட்வான்ஸ் வாங்கியதும் போனை எடுக்க மாட்டார் என்று ஊரின் முழுக் கணக்கும் அவர் வாயில் இருக்கிறது.

இந்த ஊரில் என் உறவுக்காரப் பையன் ஒருவன் குழாய் வேலை படித்து என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்திருக்கிறான். ஒரு பெரிய பாசிடம் கையாளாகப் போய்வருகிறான். "மாமா, எனக்குன்னு ஒரு வெப்சைட் போட்டா வேலை வருமா?" என்று கேட்டான். எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. வாயால் இரண்டு வரி பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

என் பதில் இதுதான்: ஒழுகும் குழாய்க்கு வெப்சைட் வேலை கொண்டுவராது. கட்டப்போகும் வீட்டுக்குக் கொண்டுவரும். அவசரத்தில் இருக்கும் ஆள் எதையும் வாசிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது ஒரு நம்பர், அதுவும் தனக்குத் தெரிந்த ஒருவர் வாயிலிருந்து வரும் நம்பர். யோசிக்க நேரம் உள்ளவர்தான் வாசிப்பார், ஒப்பிட்டுப் பார்ப்பார், இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார். பைப் பாஸ் எழுத வேண்டியது அவருக்காக.

அவசர வேலையை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு காலத்தில் கடைகளிலும் கந்தோர்களிலும் ரெயின்போ பேஜஸ் என்ற தடித்த புத்தகம் கிடந்தது. பிறகு இக்மன் மாதிரியான விளம்பரத் தளங்கள் வந்தன. இன்றைக்கு ஊர்ப் பேஸ்புக் குழுக்களில், "டவுன் பக்கம் நல்ல பிளம்பர் யாராவது இருக்காங்களா?" என்று ஒருவர் கேட்க, கீழே நாலு பேர் நம்பர் போடுகிறார்கள். பார்த்தால் இதுவும் அந்த ஹாட்வெயார் கவுண்டர்தான், போனுக்குள் வந்திருக்கிறது. தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்வது. இதில் இளம் பையன் ஒருவன் இடம் பிடிக்க வேண்டுமானால் கூகிள் வரைபடத்தில் தன் பெயரையும் நம்பரையும் பதிந்து, வேலை முடிந்த வீட்டுக்காரர்களிடம் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் போதும். இதற்குக் காசு கிடையாது, கட்டுரையும் வேண்டாம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், அக்கம்பக்கம் தெரியாத புதுக் குடித்தனக்காரர் போன்றவர்கள் அங்கே தேடுவார்கள்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. நல்ல பைப் பாஸ் ஒருவருக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. கட்டாருக்கும் சவூதிக்கும் போனவர்கள் போக, மிச்சம் இருக்கிறவர்களைப் பிடிப்பதே கஷ்டம். "நாளைக்கு வாறேன்" என்பார், அந்த நாளை வர ஒரு கிழமை ஆகும். அப்படிப்பட்டவரிடம் போய், வெப்சைட் போட்டால் இன்னும் நிறையக் கோல் வரும் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார். கோல் கூடுவது அவருக்கு லாபமில்லை. ரத்தோட்டைக்கு பைக்கில் போய் ஒரு வொஷர் மாற்றிவிட்டு வருவதில் அரை நாள் போகிறது, பெட்ரோல் போகிறது. அதே அரை நாளில் ஒரு புது வீட்டின் குளியலறைக்கு முழு பைப் லைனும் இழுத்துவிடலாம். எந்த வேலை தன்னிடம் வர வேண்டும் என்று அவரே தெரிவு செய்ய முடிந்தால் அதுதான் லாபம். எழுத்து அங்கேதான் உதவும்.

யோசிக்க நேரம் உள்ள வாடிக்கையாளர் மாத்தளை மாவட்டத்தில் யார்? எனக்குத் தெரிய மூன்று வகை.

வீடு கட்டுகிறவர் முதலாவது. குழாய் வேலையில் பாதி சுவருக்குள்ளே புதைந்துவிடும். பூச்சு பூசி, டைல் பதித்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சூடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. குழாயைப் போட்டு மூடிவிட்டால், அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழாய் 60 பாகை வெப்பத்தைத் தாண்டினால் இளகத் தொடங்கும். கூரையில் சோலார் ஹீட்டர் பூட்டிய வீட்டில் நல்ல வெயில் நாளில் தண்ணீர் அதையும் தாண்டிச் சூடேறும். மூட்டுகள் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், சுவரில் ஈரம் ஊறும், கடைசியில் டைலை உடைக்க வேண்டி வரும். சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். குழாய் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. வீடு கட்டும் சாதாரண மனிதருக்கு இது எப்படித் தெரியும்? மேசன் பாஸ் சொல்ல மாட்டார், அது அவர் வேலை இல்லை. கடையில் கேட்டால் விலை குறைந்ததா கூடியதா என்ற பேச்சோடு முடியும். இதைத் தமிழில் ஒரு படத்தோடு, நம் கடைகளில் கிடைக்கும் சாமானின் பெயரோடு எழுதிவைத்த பைப் பாஸ் ஒருவர் இருந்தால், அதை வாசித்தவர் தன் வீட்டுக்கு வேறு ஆளைத் தேடுவாரா?

இரண்டாவது வகை, கடல் கடந்து இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுகிறவர். டொரொண்டோவில், லண்டனில், டோஹாவில் இருப்பார்கள். அம்மா அப்பாவுக்காக உக்குவளையிலோ பலாபத்வெலவிலோ ஒரு வீடு. அவர்களுக்கு ஹாட்வெயார் கவுண்டர் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை. மாமாவோ மச்சானோ சொல்லும் ஆளைத்தான் நம்ப வேண்டும். காசு அனுப்பிவிட்டு வட்ஸ்அப்பில் படம் வரும்வரை காத்துக்கொண்டிருக்கும் இந்த மனிதர்களுக்கு, பூசுவதற்கு முன் குழாய் ஓடும் சுவரைப் படமெடுத்து, எந்த லைன் எங்கே போகிறது என்று எழுதிவைக்கும் பாஸ் ஒருவர் கிடைத்தால் அவர் கடவுள் மாதிரி. அப்படி முடித்த ஒரு வீட்டின் படங்களை, வீட்டுக்காரரின் அனுமதியோடு, பெயரும் முகவரியும் இல்லாமல், ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டுவைத்தால் அடுத்த வீட்டுக்காரர் லண்டனிலிருந்தே கூப்பிடுவார்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. தம்புள்ளையிலும் சிகிரியாவிலும் அறை வாடகைக்கு விடுகிறவர்கள்.

சிகிரியா நம் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் அமைத்த நீர்த் தோட்டங்களில், நிலத்துக்கடியில் கால்வாய் ஓட்டி, உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தத்தாலேயே நீரூற்றுகளைப் பாயவைத்தார்கள். துளையிட்ட கல் தட்டுகள் இன்றும் இருக்கின்றன. நல்ல மழைக்காலத்தில் அவற்றில் இன்றும் தண்ணீர் மேலெழும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு பைப் பாஸ் தன் பக்கத்தின் முதல் படமாக அந்தக் கல் தட்டைப் போட்டால் அதில் ஒரு பெருமிதம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏனென்றால், அந்த நீரூற்றின் சூத்திரமும் இன்றைக்கு விருந்தினர் விடுதியில் ஷவர் ஹீட்டர் ஏன் வேலை செய்வதில்லை என்பதன் சூத்திரமும் ஒன்றே. 10 மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தட்டையான கொங்கிரீட் கூரையில் தாங்கியை வைத்து, அதற்கு 2 மீற்றர் கீழே ஷவரைப் பூட்டினால் கிடைப்பது 0.2 பார்தான். பல இன்ஸ்டன்ட் ஹீட்டர்கள் உள்ளே தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் சூடேறத் தொடங்கும். அழுத்தம் போதாவிட்டால் விளக்கு எரியும், தண்ணீர் குளிர்ந்தே வரும். ஹீட்டர் பழுது என்று நினைத்துப் புதிதொன்று வாங்கிப் பூட்டுவார்கள், அதுவும் அப்படியே இருக்கும். தாங்கியை ஒரு ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும், அல்லது பம்ப் சேர்ந்த ஹீட்டர் எடுக்க வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் ஒன்று பூட்ட வேண்டும். தீர்வு இவ்வளவுதான்.

இது பாதிக் கதை. மறுபாதி தண்ணீரின் குணம். மாத்தளை டவுனுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. வடக்கே நாவுல தாண்டி, கலேவெல, தம்புள்ளை என்று உலர் வலயத்துக்குள் இறங்கினால் கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு கூடும். சூடாக்கும்போது அது ஹீட்டரின் கம்பிச் சுருளில் வெள்ளையாகப் படியும். படிவு தடிக்கத் தடிக்க வெப்பம் தண்ணீருக்குப் போகாது, சுருள் தானே காய்ந்து எரிந்துவிடும். ஷவர் தலையின் ஓட்டைகள் அடைபடும். மாத்தளை டவுனில் பல வருடம் உழைக்கும் அதே ஹீட்டர் அங்கே சீக்கிரம் கையை விரிக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலால் அவ்வப்போது கழுவினால் ஆயுள் நீளும். கீசர் தாங்கிக்குள்ளே மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது. தாங்கி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. கரைந்து முடிந்ததும் மாற்ற வேண்டும். இப்படியொரு கம்பி இருப்பதே பல விடுதிக்காரர்களுக்குத் தெரியாது.

இனி அந்த விடுதிக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர், சூடுதண்ணீர் வரவில்லை என்று முன்பதிவுத் தளத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த வரியை உலகமே பார்க்கிறது. அவருக்கு இப்போது ஒரு ஹீட்டர் விற்பவர் தேவையில்லை. என்ன பிழை என்று விளங்கிச் சொல்லக்கூடிய ஆள் தேவை. அவர் நிச்சயம் தேடுவார், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடுவார். ஏனென்றால் அவர் தொழிலே இணையத்தில் நடக்கிறது. வலைப்பக்கம் ஒன்றின் முழுப் பயனும் கிடைக்கக்கூடிய வாடிக்கையாளர் இந்த மாவட்டத்தில் இவரைவிட வேறு யாரும் இல்லை. ஓர் அறையில் சரியாக வேலை செய்துகொடுத்தால் மற்ற அறைகளின் வேலையும் வருடாந்தப் பராமரிப்பும் அவரோடு சேர்ந்து வரும்.

இதையெல்லாம் தமிழில் தேடிப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்கள் நிறைய. பல அருமையானவை, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒருவர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுமையாக விளக்குகிறார். பையன் படிக்கும் காலத்தில் அவற்றைப் பார்த்துத்தான் பாதி கற்றான். ஆனால் அவர் சொல்லும் சாமான் பெயர் இங்கே கடையில் கேட்டால் தெரியாது. விலை இந்திய ரூபாயில். நம் நீர் வழங்கல் சபையின் மீட்டர், மலைச்சரிவில் ஏறி இறங்கும் நம் லைன், தோட்டக் குடியிருப்புகளுக்கு ஊற்றிலிருந்து வரும் தண்ணீர், எதுவும் அதில் இல்லை. எல்கடுவ பக்கம் மேலே ஊற்று, 50 மீற்றர் கீழே வீடு என்றால் அந்த வீட்டின் பைப்பில் அழுத்தம் 5 பார் வரை ஏறும். மலிவான போல் வால்வு தாங்காது, தாங்கி இரவு முழுக்க நிரம்பி வழியும். இடையில் ஒரு சிறு தொட்டி கட்டி அழுத்தத்தை முறிக்க வேண்டும். இதைச் சொல்ல மாத்தளை ஆள்தான் வேண்டும். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது, முதலில் எழுதுகிறவருக்கே அது.

வெளிநாட்டில் இப்படி எழுதிப் பிழைத்தவர் உண்டா என்று கேட்டால், குழாய் வேலைக்கு மிக அருகில் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மார்கஸ் ஷெரிடன் என்பவர் நண்பர்களோடு ரிவர் பூல்ஸ் என்ற நீச்சல் குளம் அமைக்கும் நிறுவனத்தை நடத்தினார். 2008 பொருளாதாரச் சரிவில் மக்கள் குளம் கட்டுவதை நிறுத்தினார்கள், கம்பனி மூழ்கும் நிலைக்கு வந்தது. விளம்பரத்துக்குக் காசு இல்லை. அவர் இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி, அவற்றுக்குப் பதில்களைத் தன் தளத்தில் போடத் தொடங்கினார். குளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கும் நேராகப் பதில் எழுதினார். அந்தத் தொழிலில் வேறு எவரும் விலையை வெளியே சொல்லாத காலம். அந்த ஒரு கட்டுரை வழியாக மட்டும் பத்து லட்சம் டொலருக்கு மேல் வியாபாரம் வந்தது என்பது அவரே சொல்லும் கணக்கு. பிறகு 2017இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் வெப்சைட் செய்து கொடுப்பவர்கள் சின்னத் தொழில்காரர்களிடம் காசு வாங்குகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நீச்சல் குளம் என்பது குடும்பமே உட்கார்ந்து மாதக்கணக்கில் யோசித்து வாங்கும் பொருள். அதனால்தான் அங்கே கட்டுரை வேலை செய்தது. வொஷர் மாற்றுவதற்கு எவரும் மாதக்கணக்கில் யோசிப்பதில்லை. ஷெரிடனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, வாடிக்கையாளர் கேட்ட கேள்வியை மறைக்காமல் பதில் சொன்ன அந்தத் துணிவைத்தான். அழகான தளம் ஒன்றைக் காசு கொடுத்துச் செய்வித்து, அதில் "தரமான சேவை, நியாயமான விலை" என்று நாலு வரி போட்டு வைத்தால் அது சாத்திய கடை.

நம்பிக்கை பற்றியும் பேச வேண்டும். பைப் பாஸ் வீட்டுக்குள் வருகிறவர், குளியலறை வரைக்கும் வருகிறவர். பகலில் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். யாரோ கொடுத்த நம்பரில் யாரோ ஒருவர் வருவது பல பெண்களுக்குச் சங்கடமான விடயம், அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. முகம் தெரியும் படம், முழுப் பெயர், என்.வி.கியூ. சான்றிதழின் படம், எந்தப் பிரதேசத்தில் எத்தனை வருடம் வேலை செய்கிறார் என்ற விவரம் ஆகியவை ஒரு பக்கத்தில் இருந்தால் அந்தச் சங்கடம் நிறையக் குறையும்.

பிரித்தானியாவில் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் வேலை செய்பவர்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. எரிவாயு தொடர்பான வேலையைத் தொட வேண்டுமானால் கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் கோர்கி என்ற பதிவேடு இருந்தது. வீட்டுக்காரர் பதிவு இலக்கத்தை இணையத்தில் அடித்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கலாம். அங்கே இன்னொரு கதையும் உண்டு. 1998 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள செல்சி என்ற ஊரைச் சூறாவளி அடித்தது. கூரை போன வீடுகளைத் திருத்தித் தருகிறோம் என்று ஏமாற்றுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அதைப் பார்த்த கெவின் பேர்ன் என்பவர், நம்பகமான வேலைக்காரர்களின் பட்டியலொன்றைத் தொகுக்கத் தொடங்கினார். இன்று செக்கட்ரேட் என்று அந்த நாடு முழுக்கத் தெரியும் தளம் அப்படிப் பிறந்ததுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. மாத்தளை மாவட்டத்திலும் மண்சரிவும் வெள்ளமும். சரிவில் போட்ட லைன்கள் மண்ணோடு போயின, கிணறுகளுக்குள் சேறு, பம்புகளுக்குள் சேறு. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் பைப் பாஸ் தேவை. அந்த மாதிரி நாளில் எந்தப் பாஸ் எந்தப் பக்கம் வேலை செய்கிறார், அவர் கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்று மூன்று மொழியிலும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால் எவ்வளவு நல்லது. இங்கே தொழிற்தகைமைச் சட்டகம் ஒன்று இருக்கிறது. முறைப்படி படிக்காமல் அனுபவத்தால் கற்றவர்கள்கூடத் தங்கள் வேலையைக் காட்டி மதிப்பீடு செய்வித்து என்.வி.கியூ. எடுக்க வழி இருக்கிறது. இருபது வருடம் குழாய் பூட்டியவர்களில் பலர் அதை எடுக்கவில்லை, எடுத்தவர்களில் பலர் அதை அலுமாரிக்குள் பூட்டிவைத்திருக்கிறார்கள்.

"பேஸ்புக் பக்கம் இருக்கே மாமா, அது போதாதா?" என்றும் பையன் கேட்டான். பேஸ்புக் வேண்டும், நம் ஆட்கள் இருக்கும் இடம் அதுதான். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2018 மார்ச்சில் திகனையில் கலவரம் வெடித்தபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது, ஒரு கிழமைக்கு மேல் பேஸ்புக் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரலிலும் ஒருமுறை. அந்த நாட்களில் தொழிலை முழுக்க அங்கேயே வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூகிளும் இதற்கு விலக்கில்லை. வணிகப் பதிவோடு சேர்த்து இலவசமாகச் செய்துகொடுத்த சின்னத் தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதில் எழுதிவைத்தது எல்லாம் போனது. அதனால் சொந்தப் பெயரில் ஒரு முகவரி, அதில் பத்துப் பக்கம் எழுத்து, அதன் பிரதி ஒன்று தன் கையில். வேலைக்குப் போகும் பையன் ஒருவனுக்கு அதன் வருடச் செலவு தாங்கக்கூடியதுதான். .இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரி 2010 முதல் இருக்கிறது. மாத்தளையில் ஒரு கடைப் பலகையில்கூட அதை நான் கண்டதில்லை.

எழுதத் தெரியாது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில், செய்ததைப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி பல போன்களில் வந்துவிட்டது. உயர்தரம் படிக்கும் மகளோ தங்கையோ பிழை திருத்துவாள். சிங்கள வாடிக்கையாளர்களும் நிறையப் பேர், ஆகவே அதே விடயத்தைச் சிங்களத்திலும் ஒருமுறை பேசிவிடுங்கள். மாத்தளையில் வேலை செய்யும் பாஸ்மார் பலருக்கு இரண்டு மொழியும் வாயில் இருக்கிறது.

முதலில் எதை எழுதலாம்? தண்ணீர் பில்லிலிருந்து தொடங்கலாம். 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணம் ஏறிய பிறகு வீட்டில் எல்லோரும் பேசும் விடயம் அது. மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒழுகினால் சபையின் 1939க்குச் சொல்லலாம், மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒழுகினால் அது நம் செலவு. இரவு படுக்கப் போகும்போது எல்லாக் குழாயையும் மூடி, தாங்கி நிரம்பிவிட்டதா என்று பார்த்து, மீட்டர் இலக்கத்தைப் போனில் படமெடுக்க வேண்டும். காலையில் யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் மறுபடி படம். இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கொமட்டின் தண்ணீர்த் தொட்டியில் சமையல் நிறத்தில் சில துளி விட்டு, தண்ணீர் திறக்காமல் அரை மணி நேரம் பொறுத்தால் ஒழுகல் அங்கேதானா என்பதும் தெரிந்துவிடும்.

இதைக் கேட்டதும் பையனின் குருவான அந்தப் பெரிய பாஸ், "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா நம்மள யாரு கூப்பிடுவா?" என்றார். அவர் கவலை எனக்கு விளங்குகிறது. கையில் உள்ள வித்தைதான் அவர் முதல். ஆனால் ஒழுகல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் சுவரைத் தானே உடைக்கப் போவதில்லை. அதுவரை பில்லைத் திட்டிக்கொண்டு சும்மா இருந்தவர், இப்போது ஒரு ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். எழுதியவரின் நம்பர் அந்தப் பக்கத்தின் மேலேயே இருக்கிறது.

அவர் ஒத்துக்கொள்ளாத இன்னொன்று விலை. பொயின்ட் ஒன்றுக்கு, அதாவது ஒரு குழாய் வாய்க்கு, இவ்வளவு என்று வெளியே போட்டால் அடுத்தவன் ஐம்பது ரூபாய் குறைத்துப் போடுவான் என்கிறார். 2022இல் டொலர் ஏறியபோது குழாய் விலை கிழமைக்குக் கிழமை மாறியதையும் நினைவூட்டினார். அது உண்மை, சாமான் விலையை எழுதிவைக்க முடியாது. கூலியை எழுதலாம் என்பது என் கட்சி. குளியலறை ஒன்றுக்கு இத்தனை பொயின்ட், டவுனுக்குள் என்றால் இதிலிருந்து இதுவரை, தம்புள்ளைப் பக்கம் என்றால் போக்குவரத்து தனி, சுவர் உடைத்தால் பூச்சு வேலை சேராது. இவ்வளவு தெளிவாக ஒருவர் எழுதினால், விலை குறைந்த ஆளைத் தேடுகிறவர் தானாக விலகிப்போவார், வேலை தெரிந்த ஆளைத் தேடுகிறவர் தங்குவார்.

அந்தக் கூலி வரம்பை நியாயமாக வைக்க எனக்கு உங்கள் உதவி வேண்டும். மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, நாவுல, தம்புள்ளை பக்கம் அண்மையில் வீடு கட்டியவர்கள், குழாய் வேலைக்குப் பொயின்ட் ஒன்றுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அதில் சாமான் சேர்ந்ததா, சூடுதண்ணீர் லைனுக்குத் தனியாகக் கேட்டார்களா என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், பாசின் பெயரும் வேண்டாம். ஊரும் தொகையும் மட்டும் போதும்.